பொறியின் மூச்சு

குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டத்திற்கு வடபால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை நோக்கி நிலம் மெல்ல உயரும் இடத்தில் அருமனை என்னும் ஊர் அமைந்துள்ளது. இருபருவ மழையும் பெறும் வளமான பகுதி இது. எங்கு நோக்கினும் ரப்பர்த் தோட்டங்கள். அவற்றினூடே தென்னையும் கமுகும் வாழையும் செழித்து நிற்கும். இங்குள்ள சாலைகள் நெடுந்தொலைவு நேராக ஓடுவதில்லை. சிறிது தூரம் மேடேறும், உடனே பள்ளத்தில் இறங்கும், பின்னர் வளைந்து திரும்பும், பாலத்தருகே குறுகும். களியல், திற்பரப்பு வழியாகக் குலசேகரத்திற்குச் செல்பவரும், மார்த்தாண்டம், தக்கலை வழியாக நாகர்கோவிலுக்குச் செல்பவரும் இம்மேடு பள்ளங்களைக் கடந்தே செல்லவேண்டும். இத்தகைய சாலையில் நாள்தோறும் வண்டி ஓட்டுவோர்க்கு எஞ்சினின் வலிமை என்பது வெறும் பெருமைப் பேச்சன்று. அன்றாடத் தேவை ஆகும்.

இவ்வூரில் ஓர் இளைஞர் இருந்தார் என்க. அவர் நாகர்கோவிலில் பணிபுரிபவர். அவருடைய பெற்றோர் ஒரு சிறு ரப்பர்த் தோட்டத்தின் வருவாயைப் பல்லாண்டுகளாகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்தனர். 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அப்பணத்தைக் கொண்டு ஒரு கார் வாங்க வீட்டார் முடிவு செய்தனர். வண்டி சுறுசுறுப்பாக ஓடவேண்டும் என்பது இளைஞரின் விருப்பம். வீட்டிலுள்ள ஐவரையும் ஏற்றிக்கொண்டு அது தளராமல் மேடேறவேண்டும், நெடுங்காலம் உழைக்கவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். பணம் ஒருமுறைதான் சேர்ந்தது. ஆகவே தேர்வும் ஒருமுறைதான். தவறிவிட்டால் அதன் விளைவைப் பல ஆண்டுகள் சுமக்கவேண்டும் அன்றோ?

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலை 1998-ஆம் ஆண்டில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் ‘ஐ20’ என்னும் கார் அக்காலத்தில் இருவகைப் பெட்ரோல் எஞ்சின்களுடன் கிடைத்தது. அவற்றுள் ஒன்று நான்கு சிலிண்டர்களும் 1197 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடையது. அதன் உச்சத் திறன் 83 குதிரைத்திறன். மற்றொன்று மூன்று சிலிண்டர்களும் 998 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மட்டுமே உடையது. ஆயினும் அதன் உச்சத் திறன் 120 குதிரைத்திறன். 2021-ஆம் ஆண்டு செப்டம்பரில் வெளிவந்த ‘என்-லைன்’ என்னும் விரைவோட்ட வகை இந்த இரண்டாம் எஞ்சினையே கொண்டிருந்தது. பெரிய எஞ்சினுக்குச் சிறிய திறன். சிறிய எஞ்சினுக்குப் பெரிய திறன்! இளைஞர் வியப்புற்றார். ஊரில் நெடுநாளாகப் பட்டறை நடத்திவந்த முதியவர் ஒருவரை நாடிச் சென்றார்.

“மாமா, நான்கு சிலிண்டரைவிட மூன்று சிலிண்டருக்கு வலிமை மிகுதி என்கிறார்களே, அஃது எவ்வாறு?” என்று வினவினார்.

“மக்களே,” என்று அந்நாட்டு வழக்கப்படி அன்புடன் விளித்த முதியவர், “கொல்லனுடைய உலையைப் பார்த்திருக்கிறாயா? கரி தானாக எரிந்தால் இரும்பு வெதுவெதுப்பாகும். துருத்தியால் ஊதினால் அதே இரும்பு பழுக்கக் காயும். உலை பெரிதாகவில்லை; காற்றுத்தான் கூடியது. உன் கேள்விக்கு விடை அந்தத் துருத்தியில் இருக்கிறது” என்றார்.

முதியவர் கூறியது முற்றிலும் உண்மை. எஞ்சின் காற்றை உண்டு வாழ்வது. ஒரு பங்கு எடையுள்ள பெட்ரோல் முழுதும் எரிவதற்கு ஏறத்தாழ 15 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். சிலிண்டருக்குள் பெட்ரோலை மிகுதியாகச் செலுத்துவது எளிது. அதனை எரிக்கப் போதிய காற்றைச் செலுத்துவதே அரிது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் குறைகிறது. உடனே வெளிக்காற்று தன் அழுத்தத்தினால் வால்வு வழியே உட்புகுகிறது. பிஸ்டன் மேலே ஏறி அக்காற்றையும் பெட்ரோலையும் அழுத்துகிறது. தீப்பொறி பட்டவுடன் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. பின்னர்ப் புகை வெளியேறுகிறது. இழுத்தல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் ஆகிய இந்நான்கு செயல்களும் மாறி மாறி நிகழ்வதே எஞ்சினின் ஓட்டம்.

இவ்வாறு வாயுமண்டலத்தின் அழுத்தம் ஒன்றையே நம்பி மூச்சு விடும் எஞ்சினை இயல்மூச்சு எஞ்சின் எனலாம். அதன் மூச்சுக்கு இயற்கை வகுத்த எல்லை உண்டு. அதனிடமிருந்து மிகுந்த திறனைப் பெற வேண்டுமாயின், முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன. சிலிண்டரைப் பெரிதாக்கலாம், அல்லது எஞ்சினை இன்னும் விரைவாகச் சுழலச் செய்து, ஒரு நிமிடத்தில் அது விடும் மூச்சின் எண்ணிக்கையைக் கூட்டலாம். 1997-ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சிவிக் ‘டைப் ஆர்’ என்னும் கார் இரண்டாம் வழிக்குச் சிறந்த சான்று. அதன் எஞ்சின் 1.6 லிட்டர் அளவினதே. எனினும் நிமிடத்திற்கு 8200 சுற்றில் 185 குதிரைத்திறனை அளித்தது. ஆனால் அத்திறன் வேண்டுவோர் எஞ்சினை அவ்வளவு விரைவாகச் சுழற்றியே ஆகவேண்டும். மெல்ல ஓட்டுவோர்க்கு அது தன் முழு வலிமையைக் காட்டாது.

டர்போ எஞ்சினின் வழி வேறு. எரிபொருளில் அடங்கிய ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புகையோடு வெப்பமாக வெளியேறி வீணாகிறது. இவ்வீணாகும் ஆற்றலைக் கொண்டே டர்போ இயங்குகிறது. ஒரே தண்டின் இரு முனைகளிலும் இரண்டு சிறு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதனோடு சேர்ந்து சுழலும் மற்றொரு சக்கரம் வெளிக்காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்தும். சிறிய கார்களின் டர்போ நிமிடத்திற்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. அழுத்தப்பட்ட காற்று சூடேறும். சூடேறிய காற்று விரிந்து அடர்த்தி குன்றும். ஆகவே சிலிண்டரை அடைவதற்குமுன் அதனைக் குளிர்விக்க ‘இன்டர்கூலர்’ என்னும் பகுதி உள்ளது. அழுத்தம் அளவு மிஞ்சாதபடி, புகையின் ஒரு பகுதியை வேறு வழியே திருப்பிவிடும் சிறு கதவும் உண்டு.

இவ்வரிய அமைப்பைக் கண்டவர் ஆல்பிரட் பியூகி என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியியலார். 1905-ஆம் ஆண்டில் அவர் இதற்கு உரிமைப் பட்டயம் பெற விண்ணப்பித்தார். 1918-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலார் சான்ஃபோர்டு மாஸ், 350 குதிரைத்திறன் கொண்ட விமான எஞ்சின் ஒன்றை, ஏறத்தாழ 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலையின் உச்சிக்குக் கொண்டு சென்றார். அங்குக் காற்றின் அடர்த்தி குறைவு. ஆதலால் எஞ்சினின் திறன் 230 ஆகச் சுருங்கியது. டர்போவைப் பொருத்தியவுடன் அஃது 356 ஆக உயர்ந்தது. மலையுச்சியில் இழந்த மூச்சை அந்த எஞ்சின் மீண்டும் பெற்றுவிட்டது! உதகமண்டலம் போன்ற உயர்ந்த ஊர்களில் இயல்மூச்சு எஞ்சின் சற்றே தளர்வதும், டர்போ எஞ்சின் அவ்வளவாகத் தளராமையும் இக்காரணம் பற்றியே. 2240 மீட்டர் உயரமுள்ள அவ்வூரில், கடல்மட்டத்தில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காற்று குறைவாகவே கிடைக்கும்.

அருமனை அத்துணை உயரமான இடமன்று. அவ்வாறாயின் அங்கு வாழ்வோர்க்கு டர்போவினால் பயன் யாது? இவ்வினாவிற்குக் குதிரைத்திறன் விடை தராது. முறுக்குவிசையே விடை தரும். சக்கரத்தைத் திருப்பும் விசையே முறுக்குவிசை. மேட்டில் வண்டியை இழுப்பது அதுவே. ஐ20 காரின் இயல்மூச்சு எஞ்சின் ஏறத்தாழ 115 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்திற்கு 4200 சுற்றில் அளித்தது. டர்போ எஞ்சினோ 172 நியூட்டன் மீட்டர் விசையை 1500 சுற்று முதல் 4000 சுற்று வரை இடைவிடாமல் அளித்தது. விசை ஒன்றரை மடங்கு என்பது ஒரு சிறப்பு. அவ்விசை மிகக் குறைந்த சுற்றிலேயே கைக்கு வந்துவிடுகிறது என்பது அதனினும் பெரிய சிறப்பு. அன்றாடம் ஓட்டுவோர் பெரும்பாலும் 1500 முதல் 3000 சுற்றுக்குள்ளேயே ஓட்டுகின்றனர். உச்சத் திறன் தோன்றும் 6000 சுற்றை அவர்கள் எட்டுவது அரிது. ஆகவே விளம்பரத் தாளில் பெரிதாக அச்சிடப்படும் எண்ணைவிட, அவ்வலிமை எந்த இடத்தில் பிறக்கிறது என்பதே கருதத்தக்கது.

அங்ஙனமாயின் டர்போ எஞ்சினே எவ்வகையிலும் மேலானது என்று முடிவு செய்யலாமோ? அவ்வாறு செய்வது பிழையாகும். துருத்தியை அழுத்திய பின்னரே காற்று வரும். அதுபோல ஆக்சிலரேட்டரை மிதித்தபின் புகை மிகுந்து, டர்போச் சக்கரம் விரைவு பெற்று, காற்று அழுத்தப்பட்ட பிறகே முழு விசை பிறக்கும். இத்தாமதம் ஒரு வினாடியோ அதனினும் குறைவாகவோ இருக்கலாம். இக்காலத்துச் சிறிய, எடை குறைந்த டர்போக்கள் இதனைப் பெரிதும் குறைத்துள்ளன. ஆயினும் முழுதும் நீக்கவில்லை. இயல்மூச்சு எஞ்சினில் இக்குறை இல்லை. கால் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு விசை உடனே பிறக்கும். சுற்றுக் கூடக் கூட விசை படிப்படியாக வளரும். ஒலியும் தடையின்றி இனிமையாக எழும். விரைவுக் கார்களை விரும்புவோர் பலர் இன்றும் இயல்மூச்சு எஞ்சினைப் போற்றுவதற்கு இந்நேர்மையே காரணம்.

பந்தயக் களமும் இவ்வுண்மையை உணர்த்தும். ஃபார்முலா ஒன் பந்தயத்தில் முதன்முதலாக 1977-ஆம் ஆண்டு ரெனால்ட் நிறுவனம் டர்போ காரை இறக்கியது. அஃது அடிக்கடி பழுதாகிப் புகை கக்கியதனால், ‘மஞ்சள் தேநீர்க் கெண்டி’ என்று பிறர் எள்ளி நகைத்தனர். நிறுவனத்தார் தளரவில்லை, 1979-ஆம் ஆண்டு பிரெஞ்சுப் பந்தயத்தில் அவ்வகைக் காரே வென்றது. பின்னர்த் திறன் அளவு கடந்து பெருகவே, 1989-ஆம் ஆண்டு முதல் டர்போ தடை செய்யப்பட்டது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயன், இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநராக 2005-ஆம் ஆண்டில் களமிறங்கியபோது, அவர் ஓட்டிய ஜோர்டான் கார் மூன்று லிட்டர் அளவும் பத்துச் சிலிண்டர்களும் கொண்ட இயல்மூச்சு எஞ்சின் உடையது. 2014-ஆம் ஆண்டில் 1.6 லிட்டர் டர்போ எஞ்சின்கள் மீண்டும் களத்திற்கு வந்தன. சிவிக் ‘டைப் ஆர்’ காரும் 2015-ஆம் ஆண்டில் டர்போவுக்கு மாறியது. இருவகையும் வென்றுள்ளன, இருவகையும் தத்தம் காலத்தில் போற்றப்பட்டுள்ளன.

டர்போவுக்குப் பேணுதலும் மிகுதியாக வேண்டும். பெட்ரோல் எஞ்சினின் புகை கடுமையான ஓட்டத்தில் 900 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அவ்வெப்பத்தின் நடுவே சுழலும் தண்டைக் காப்பது மெல்லிய எண்ணெய்ப் படலம் ஒன்றே. எண்ணெய் கெட்டால் டர்போவும் கெடும். 1962-ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த ஓல்ட்ஸ்மொபைல் ‘ஜெட்ஃபயர்’ இதற்கு ஒரு பாடம். டர்போ பொருத்தி விற்பனைக்கு வந்த முதற்கார்களுள் அது ஒன்று, 3.5 லிட்டர் எஞ்சினிலிருந்து 215 குதிரைத்திறனை அளித்தது. எஞ்சினுக்குள் கலவை முறைதவறி வெடிக்காதிருக்க, நீரும் மெத்தனாலும் கலந்த திரவம் ஒன்றை அதில் அவ்வப்போது நிரப்பவேண்டும். உரிமையாளர் பலர் அதனை நிரப்ப மறந்தனர். திரவம் தீர்ந்த வண்டியின் வலிமை குன்றியது. இரண்டே ஆண்டுகளில் அவ்வண்டியின் உற்பத்தி நின்றுபோயிற்று. கருவி சிறந்ததே, அதனைப் பேணும் பழக்கம்தான் வளரவில்லை.

இவற்றையெல்லாம் விளக்கிய பட்டறை முதியவர் இளைஞரை நோக்கி, “நீ எங்கே ஓட்டுவாய்? எத்தனை பேரை ஏற்றுவாய்? எண்ணெய் மாற்றும் நாளை மறவாதிருப்பாயா? இவற்றுக்கு விடை சொல், பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம்” என்றார். “பக்கத்துக் கடைத்தெருவிற்கு மட்டும் சென்று திரும்பும் வண்டியானால் இயல்மூச்சு எஞ்சினே போதும். எஞ்சின் சூடேறுமுன் அணைத்து அணைத்து ஓட்டினால் எண்ணெய் விரைவில் கெடும். எந்த எஞ்சினுக்கும் அது தீங்குதான், டர்போவுக்கு மிகுந்த தீங்கு” என்றும் எச்சரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு வண்டிகளையும் வரவழைத்து, வீட்டார் ஐவரும் ஏறி, களியல் செல்லும் சாலையின் ஒரே மேட்டில் ஓட்டிப் பார்த்தனர். இயல்மூச்சு வண்டி மேட்டின் நடுவில் தளர்ந்தது. இளைஞர் இரண்டாம் கியருக்கு மாற்றி, எஞ்சின் உரக்க முழங்கும்வரை மிதித்தார். வண்டி சொன்ன சொல் தவறாமல் ஏறியது. டர்போ வண்டி மூன்றாம் கியரிலேயே அமைதியாக ஏறியது. தந்தையின் முகம் மலர்ந்தது. அருகிலுள்ள கடைக்குச் செல்ல அவரிடம் பழைய ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. கார் நாள்தோறும் நாகர்கோவிலுக்கும் விடுமுறையில் மலைப்பகுதிகளுக்கும் செல்வதற்கே. ஆகவே விலை சற்று மிகுதியாயினும் டர்போ வண்டியையே அவர்கள் தேர்ந்தனர். கடைத்தெருவிற்கு மட்டும் செல்லும் வேறொரு வீட்டார் மற்றதைத் தேர்ந்திருப்பின் அதுவும் சரியான தேர்வே.

வண்டி வந்த நாளில் முதியவரும் அதில் ஏறிச் சென்றார். வளைவான மேடு ஒன்றில் ரப்பர் மரத்தடி ஏற்றிய லாரி முன்னே ஊர்ந்து சென்றது. இளைஞர் நான்காம் கியரில், குறைந்த சுற்றில், லாரியை முந்த முனைந்தார். மிதித்த கணத்தில் வண்டி சற்றே தயங்கியது. “வேண்டாம், மக்களே! பின்வாங்கு” என்றார் முதியவர். இளைஞர் அவ்வாறே செய்தார். அடுத்த கணம் வளைவின் மறுபுறத்திலிருந்து பேருந்து ஒன்று வந்து கடந்தது.

சிறிது நேரம் வண்டியில் எவரும் பேசவில்லை. பின்னர் முதியவர் மெல்லக் கணக்குச் சொன்னார். மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஓடும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் செல்லும். எதிர்வரும் வண்டியும் அதே விரைவில் வந்தால், ஒரு வினாடிக்குள் இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு 33 மீட்டர் குறைந்துவிடும். டர்போ மூச்சு வாங்கும் அந்த ஒரு வினாடிக்குள் ஓர் உயிர் போகலாம். “முந்தவேண்டுமானால் முன்னரே கியரைக் குறைத்து, டர்போவை விழித்திருக்கச் செய், அப்போதும் எதிரே சாலை தெளிவாகத் தெரிந்தாலன்றி முந்தாதே. மழைநாளில் ரப்பர்ச் சருகு கிடக்கும் சாலையில் காலை மெல்ல அழுத்து. இந்த விசை திடீரெனப் பிறந்தால் சக்கரம் வழுக்கும். கடும் மேடேறி வந்தால் உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிடு, எண்ணெய் டர்போவின் சூட்டை ஆற்றட்டும்” என்றார். இக்கால டர்போக்கள் பலவற்றை நீரும் குளிர்விக்கின்றது. எனினும் அந்தப் பழக்கம் நன்மையே தரும்.

வீணாகும் புகையைக் கொண்டு வலிமையைப் பெருக்குவது டர்போவின் அறிவு. இரவல் மூச்சின்றித் தன் மூச்சாலேயே உழைப்பது இயல்மூச்சு எஞ்சினின் நேர்மை. இரண்டும் மனித அறிவின் பேறுகளே. இவற்றுள் எது சிறந்தது என்னும் வினாவிற்கு எஞ்சினை மட்டும் நோக்கி விடை கூற இயலாது; செல்லும் சாலையையும், சுமக்கும் சுமையையும், ஓட்டுபவரின் பழக்கத்தையும் சேர்த்தே நோக்கவேண்டும். தன் வண்டியின் வலிமை எப்பொழுது பிறக்கும், எப்பொழுது பிறவாது என்பதை அறிந்தவரே நல்ல ஓட்டுநர். அருமனை இளைஞர் அன்று அந்த மேட்டில் கற்றுக்கொண்ட பாடமும் அதுவே. அதன்பின் அவர் பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டினார். ஆனால் எதிரே சாலை தெளிவாகத் தெரியாத வளைவில் ஒருநாளும் முந்த முனைந்ததில்லை.